தும்பி அளவு

அந்த வருடங்களில் புளி விலை ஏறியதற்குச் சாம்பாரோ ரசமோ காரணமில்லை. இரும்பைத் தொட்டுப் பிழைப்பவர்கள் எல்லோரும் புளியை வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். துருமானி வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், பேருந்து ஓட்டுநர் கியர் கம்பியைத் தேய்ப்பார், நர்ஸ் கத்தரியைத் தேய்ப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் வாசல் தாழ்ப்பாளைச் சோதிக்கிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பி, தாழ்ப்பாளைத் தேய்த்தே தொலைத்த வீடுகளும் உண்டு. புளி மேல்துருவைத்தான் எடுக்கும், அடித்துரு அப்படியே இருக்கும் என்று ஜெசிந்தா தொலைக்காட்சியில் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் எலுமிச்சை விலையும் ஏறியது.

கைபட்ட இரும்பின் துருவைப் பார்த்து அந்தக் கையின் பயத்தை அளக்கிற துருமானியைக் கண்டுபிடித்தவளே ஜெசிந்தாதான். உலோகவியல் படித்தவள், தூத்துக்குடிக்காரி, சென்னையில் ‘அபயம்’ என்ற நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானி. சென்னைக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. ஆனாலும் தம்பி கிளாட்வின் கூப்பிட்டால் அவள் நாக்கு ரயிலேறி ஊருக்குப் போய்விடும்.

அன்றைக்கும் அவன்தான் கூப்பிட்டான்.

“யக்கா, வியாழக்கிழமை எங்க ஹார்பருக்கு வாராவளாம்.”

துருமானிக்காரர்கள் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே புதிதாக வந்த தனியார் துறைமுகத்தில் அவன் இழுவைப் படகு ஓட்டுகிறான். மலைபோல் வருகிற கப்பலைக் கயிறு போட்டு இழுத்து, முட்டித் தள்ளி, துறைமுகச் சுவரில் அலுங்காமல் சேர்க்கிற வேலை. சில வருடங்களுக்கு முன் இழுவைக் கயிறு அறுந்து, அதன் வீச்சில் அவன் கூட்டாளி கண்முன்னாலேயே கடலுக்குள் போனார். அன்றிலிருந்து கிளாட்வினுக்கு எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லிவரில் கை வைத்தாலே நடுக்கம். அன்றிலிருந்து அவன் தொட்ட எந்தக் கப்பலிலும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இரண்டாவது விஷயத்தைத் துறைமுகக்காரர்கள் பாராட்டினார்கள். முதல் விஷயம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

“அந்த மிஷின்ல மெய்யாவே எல்லாம் தெரியுமாக்கா?”

“பயந்த கை வேற மாதிரி வேர்க்கும்லே. அந்த வேர்வை இரும்புல இறங்கி, துருவுக்குள்ள வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உக்காந்துரும். நானூறு வருசம் ஆனாலும் போவாது. நான் மொதல்ல பாத்தது பழைய ஜப்பான் வாள்லதான்.”

“வாள்லயா?”

“வாளுல்ல, அதுல செருகுற தட்டு. பிடிக்கும் அலகுக்கும் நடுவுல தோசைக்கல்லு மாதிரி வட்டமா ஒரு இரும்பு. ட்சுபான்னு பேரு. வாள உருவுறதுக்கு முன்னால எடது கட்டை விரல அந்தத் தட்டு ஓரத்துல வச்சு லேசாத் தள்ளுவாவ. உருவவா, வேண்டாமான்னு நிக்கிற நேரம் அது. பயம் அந்த எடத்துலதான் எறங்கும்.”

“எல்லாத்துலயும் இருந்துச்சா?”

“சிங்கம் போட்டது, டிராகன் போட்டது, எல்லாத்துலயும் இருந்துச்சு. அலைமேல முயல் ஓடுத மாதிரி ஒண்ணு, அதுலதான் ரொம்ப. தங்கத்துல தட்டான் பதிச்ச ஒண்ணே ஒண்ணுல மட்டும் பொட்டுப் பயமில்ல. சுத்தப் பூச்சியம்.”

“தட்டான எதுக்குப் போட்டாவ?”

“அது முன்னாலதான் பறக்குமாம், பின்வாங்காதாம். அங்க அதுக்கு வெற்றிப் பூச்சின்னு பேரு.”

“எவன் சொன்னான்? நாம வாலப் பிடிக்கப் போனா பின்னாலயே பறந்துல்லா தப்பிக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். அவள் அதை அதோடு விட்டுவிட்டாள். தட்டான் என்று அவர்கள் சொன்ன அந்தத் தும்பிதான் இன்று அபயத்தின் சின்னம். துருமானி தாளில் வரைகிற கோடு தொடங்குகிற இடத்துக்கே ‘தும்பி அளவு’ என்று பெயர். ஒருவன் கை அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு கோழை. ஓர் எல்லையைத் தாண்டினால் பேருந்து இல்லை, கிரேன் இல்லை, கப்பல் இல்லை. ‘மடியில் கனமில்லையா? வழியில் பயமில்லை’ என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருந்தார்கள்.

“யக்கா, ஒண்ணு கேக்கேன். ஒண்ணுமே பதியலன்னா என்ன செய்வாவ?”

“மாலை போட்டுத் தூக்கிட்டுப் போவாவ” என்றாள். ஆசையில் கேட்கிறான் என்று நினைத்தாள். அவனுக்கு அந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். ஆனால் கடலை விட்டுக் கரையில் உட்கார்ந்தால் அவன் ஒரு வருடம் தாங்கமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் நிறுவனத் தலைவர் ரங்கபிரசாத்திடம் போய் நின்றாள். தம்பிக்காக யாரிடமும் கெஞ்சியறியாதவள்.

“சார், என் தம்பி மாதிரி ஒருத்தன் பயந்தும் வேலைய ஒழுங்கா செய்யலாம் இல்லையா? எல்லைய கொஞ்சம் தளர்த்தலாமே.”

“மேடம், நீங்க செஞ்ச மெஷின். நீங்களே சந்தேகப்பட்டா எப்படி?” ரங்கபிரசாத் சிரித்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். “தம்பின்னு பாத்தா அப்புறம் தும்பிக்கு என்ன மரியாதை? இப்ப பாருங்க, போன மாசம் மட்டும் எத்தனை பேர் சுத்தப் பூச்சியம் வந்திருக்காங்க. டிரைவர், டாக்டர், லிஃப்ட் ஆபரேட்டர். ஜனங்களுக்கு தைரியம் வந்துருச்சு மேடம். நம்மால வந்தது.”

பூச்சியங்கள் கூடிக்கொண்டே வந்தது உண்மை. அதே மாதங்களில் விபத்துகளும் கூடின. அதற்கு மழையைக் காரணம் சொன்னார்கள், மழை பெய்யாத ஊரில் வெயிலைச் சொன்னார்கள். ஜெசிந்தாவுக்கு இந்த இரண்டும் ஒன்றாக ஏறுவது சில வாரங்களாகவே உறுத்திக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

வெளியே வரும்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அந்த அறையின் கதவு தானாகத் திறந்தது. நாற்காலி மரம், பேனா பிளாஸ்டிக், தண்ணீர்க் குவளை கண்ணாடி. ரங்கபிரசாத் கைபடுகிற இடத்தில் ஒரு துண்டு இரும்பு கிடையாது.

வியாழன் மாலை தம்பி மனைவி ரோஸ்லின் கூப்பிட்டாள். “மதினி, பூச்சியம்! சுத்தப் பூச்சியமாம்! மேனேஜர் கைகுடுத்தாராம். தெருவுக்கே மக்ரூன் வாங்கிக் குடுத்துட்டேன்.”

ஜெசிந்தா “நல்லது ரோஸ்லின், நல்லது” என்றாள். கைபேசியை வைத்தபோது அவளுக்கு வியர்த்திருந்தது. அவன் பூச்சியம் வருகிற ஆள் இல்லை. மனிதன் பிடித்த இரும்பு எதுவும் அவள் ஆய்வுக்கூடத்தில் பூச்சியம் காட்டியதே இல்லை, அந்தத் தும்பியைத் தவிர. ஒன்று கருவி பழுதாகியிருக்க வேண்டும், அல்லது அவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தத் தும்பியிடம் இருக்க வேண்டும்.

தும்பித் தட்டு வரவேற்பறையில் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. நடுத் துளைக்குள் பித்தளைத் திருகு விட்டுப் பின்பலகையில் இறுக்கியிருந்தார்கள். அவள் அளந்ததெல்லாம் ஓரத்தில், கட்டை விரல் படுகிற இடத்தில். துளையைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. மறுநாள் காலை காவலாளியை ஸ்குரூ டிரைவர் கொண்டுவரச் சொல்லித் தட்டைக் கழற்றினாள். ஒசாகாவில் இருக்கிற இவாசே சிசுருவை அழைத்தாள். தும்பி, முயல் இரண்டையும் அபயத்துக்கு விற்றவர் அவர். அவளைப் போலவே நாற்பதுகளில் இருக்கிற பெண், பழைய வாள் உறுப்புகளில் வியாபாரம். அவர் ஜப்பானிய மொழியில் பேசினார், மொழிபெயர்ப்புக் கருவி அதைச் செய்தி வாசிக்கிற தமிழில் இவள் காதில் சொன்னது.

“இதை வைத்திருந்த வீரர் யார் என்று தெரிய வேண்டும்” என்றாள் ஜெசிந்தா.

“நடுத் துளையைக் காட்டுங்கள்.”

அவள் திரைக்கு முன்னால் பிடித்தாள்.

“உங்களிடம் முயலும் இருக்கிறதே. அதையும் பக்கத்தில் வையுங்கள்.”

முயல் தட்டு அவள் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. கோழைத் தட்டைக் காட்சிக்கு வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எடுத்து வந்து தும்பியின் பக்கத்தில் வைத்தாள்.

“வாளுக்கு வாள் பருமன் வேறுபடும்” என்றார் இவாசே. “ஆடாமல் நிற்க, துளையில் செம்புத் துண்டு வைத்து அடிப்பார்கள். சுற்றிலும் உளியால் கொத்தி இறுக்குவார்கள். முயலைப் பாருங்கள். செம்பின்மேல் செம்பு. ஒரு வாளிலிருந்து இன்னொரு வாளுக்குப் போயிருக்கிறது, தகப்பனிடமிருந்து மகனுக்கு. இப்போது தும்பியைப் பாருங்கள்.”

தும்பியின் துளை அச்சில் வார்த்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு செம்புத் துண்டில்லை, ஒரு கொத்தில்லை. விளிம்பு எங்கும் தேயவில்லை.

“அது வாளுக்குப் போனதே இல்லை. ஒரு பிரபு இன்னொரு பிரபுவுக்குப் பரிசு கொடுக்கச் செய்தது. பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியிலேயே இருந்தது. அதைத் தொடுகிறவர்களும் துணியால்தான் தொடுவார்கள்.”

ஜெசிந்தா கேட்டாள்: “இதை ஏன் முன்பே சொல்லவில்லை?”

“விற்கும்போதே உங்கள் தலைவரிடம் சொன்னேன். அவர் தும்பி இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார். நாங்கள் துளையை முதலில் பார்ப்போம், படத்தைக் கடைசியில் பார்ப்போம். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.” சற்று நிறுத்தி இவாசே கேட்டார். “படம் என்பது வேண்டுதல் அல்லவா? நீங்கள் அதைச் சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டீர்களா?”

லாரிக்குப் பின்னால் புலி வரைந்தவன் எல்லாம் புலியா? தன் ஊர் லாரியில் என்றால் ஜெசிந்தா சிரித்திருப்பாள். அயலூர்த் தங்கத்தில் பார்த்ததும் நம்பிவிட்டாள். பயமில்லாத கை என்று நாடு முழுக்க அளவுகோலாக வைத்திருந்தது, கையே படாத ஓர் இரும்பை.

அப்போதுதான் அவளுக்குத் தம்பி கேட்டது நினைவுக்கு வந்தது. ஒண்ணுமே பதியலன்னா என்ன செய்வாவ?

கிளாட்வினைக் கூப்பிட்டாள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே எடுத்தான். “யக்கா, வச்சிரு. புயல் கூண்டு ஏத்திட்டாவ, மூணாம் நம்பர். நிலக்கரிக் கப்பலு ஒண்ணு கயித்த அத்துக்கிட்டு நிக்கி. போய் இழுக்கணும்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. லிவர எப்படிலே பிடிக்க?”

“அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லக்கா.”

“கிளாட்வின்.”

“பிடிக்கலக்கா. கட்டையால தள்ளுதேன். வேப்பங்கட்டைய லிவருக்குத் தக்கன குடைஞ்சு வச்சிருக்கேன். அளக்கணும்னு லிவர்ல புது இரும்பு உறை மாட்டுன அன்னைக்கே எல்லாரும் அப்படித்தான். கிரேன் ஓட்டுதவன் முழங்கையால ஓட்டுதான். ஒனக்குச் சங்கடம்னுதான் சொல்லல.”

அவன் அடிக்கடி சொல்வது அவளுக்குத் தெரியும். லிவர் கையோடு பேசும், எஞ்சின் திணறுவது கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் உள்ளங்கைக்குத்தான் தெரியும் என்பான். அந்த உள்ளங்கைதான் அவனை இத்தனை வருடம் காப்பாற்றியது. இப்போது அவன் கட்டையை வைத்துக்கொண்டு புயலுக்குள் போகப்போகிறான்.

“கட்டையத் தூக்கிக் கடல்ல போடுலே. கையால பிடி.”

“பிடிச்சா பதிஞ்சிரும்க்கா. இன்னைக்கு எனக்கு எப்படி நடுங்குதுன்னு ஒனக்குத் தெரியாது.”

“பதியட்டும். வேல போனா மயிரே போச்சு. எனக்குப் பயமா இருக்குலே. நீ உசுரோட வந்து சேரு.”

எனக்குப் பயமா இருக்கு என்று அக்கா சொல்லி அவன் அதுவரை கேட்டதில்லை. “சரி” என்றான். இணைப்பு அறுந்தது.

அன்றைய பகல் ஜெசிந்தாவுக்கு எப்படிப் போயிற்று என்று சொல்லி முடியாது. ரோஸ்லின் இரண்டு முறை கூப்பிட்டு, அவன் பேசினானா என்று கேட்டாள். செய்தியில் அலை துறைமுகச் சுவரைத் தாண்டி விழுவதைக் காட்டினார்கள். மாதாவை வேண்டினாள், எஞ்சினை வேண்டினாள், அவன் உள்ளங்கையை வேண்டினாள். மேசையில் முயல் தட்டு கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தன் வியர்வையும் அதில் இறங்கும் என்று தெரிந்தும் கீழே வைக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவன் குரல் வந்தது. “பிடிச்சேன்க்கா. நடுவுல எஞ்சின் ஒரு திணறு திணறிச்சு பாரு, கையில தெரிஞ்சிச்சு, ஒடனே கொறச்சேன். இல்லன்னா கயிறு போயிருக்கும். பயலுவ எல்லாரும் இருக்கானுவ.” பிறகு சின்னப் பிள்ளைபோல் சொன்னான். “கை விரிய மாட்டேங்குது.”

அடுத்த வாரமே துருமானி திரும்ப வந்தது. புயலில் ஓடிய படகுகளை மறுபடி பார்ப்பது விதி. கிளாட்வினின் லிவரில் கோடு எல்லையைத் தாண்டி, தாளைத் தாண்டி ஓடியது. அதுவரை அளந்த கைகளிலேயே அதுதான் அதிகம். ஒரே கை முன்பு பூச்சியம், இப்போது உச்சம். ஏமாற்று என்று உரிமத்தை நிறுத்தி, விசாரணைக்கு அழைத்தார்கள்.

விசாரணை சென்னையில், அபயத்தின் கூட்ட அறையில் நடந்தது. மூவர் குழு. தலைவர் சௌந்தரவல்லி, ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர். ரங்கபிரசாத் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கிளாட்வின் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜெசிந்தா இரண்டு தட்டுகளையும் மேசையில் வைத்து, துளைகளைக் காட்டி, இவாசே சொன்னதை அப்படியே சொன்னாள். “இது எந்த வீரன் கையிலயும் இருந்ததில்ல மேடம். இதுக்குப் பயமில்லதான். இந்த மேசைக்கும் பயமில்ல. இவ்வளவு நாளா நாம எல்லாரையும் இது மாதிரி இருக்கச் சொல்லிட்டிருக்கோம். அவங்களும் கேட்டுக்கிட்டாங்க, கையை எடுத்துட்டாங்க.”

“ஒரு பழைய தட்டோட துளைய வெச்சு...” என்று ரங்கபிரசாத் தொடங்கினார்.

“உங்ககிட்ட விக்கும்போதே சொன்னாங்களாம் சார்.”

அவர் கண்ணாடிக் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

“அப்ப இந்த முயல்?” என்றார் சௌந்தரவல்லி. “இதுல பயம் அதிகம்னு உங்க அறிக்கைதானே சொல்லுது.”

“அதிகம்தான். கோட்டோட உயரத்த மட்டும்தான் நான் இதுவரைக்கும் பாத்தேன் மேடம். நீளத்தப் பாக்கல. கை விலகினா கோடு அறுந்துரும். இதுல அறுந்த இடமே இல்ல. தம்பியோட லிவர்லயும் அன்னைக்கு அறுந்த இடமில்ல, பயந்தும் கைய எடுக்கல. அலைமேல ஓடுற முயல்னா, கரை சேரணும்னு வேண்டுதலாம். பயந்தவன்தானே வேண்டிப்பான்.”

சௌந்தரவல்லி முயல் தட்டின் பக்கம் குனிந்தார். “என்கிட்ட படிச்ச பசங்க இப்ப கத்தியில துணி சுத்தித்தான் ஆபரேஷன் பண்றாங்க” என்றார், யாரிடமும் சொல்லாததுபோல். பிறகு, “அந்த முயலைக் கொஞ்சம் குடுங்க” என்றார்.

பழக்க தோஷம். அறையில் இருந்த எல்லோர் கையும் ஒரே நேரத்தில் கைக்குட்டைக்குப் போயிற்று. இரும்பை யாரும் வெறுங்கையால் தொட்டு நாளாகிவிட்டது. சௌந்தரவல்லியும் தன் பையைத் திறந்து துழாவினார்.

கிளாட்வின் எழுந்தான். வெறுங்கையால் முயலை எடுத்தான். அவன் கட்டை விரல் தேடாமலே போய், ஓரத்தில் வழவழவென்று தேய்ந்திருந்த பள்ளத்தில் உட்கார்ந்தது. கை நன்றாகவே நடுங்கியது. அவன் அதை மறைக்கவில்லை, தட்டையும் நழுவவிடவில்லை. அப்படியே நீட்டினான்.

சௌந்தரவல்லி அந்தக் கையைப் பார்த்தார். எடுத்த கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வெறுங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.